செங்கற்றளியைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார்

காவிரியும் அதன் கிளைகளும் பாய்ந்து வளங்கொழிக்கும் சோழவள நாட்டில், அடுத்தடுத்துத் திருக்கோயில்கள் கோபுரம் உயர்த்தி நிற்கின்றன. நாயன்மார் பாடிப் பரவிய அத்தலங்கள் பலவற்றில் இறைவனின் கருவறை ஒரு காலத்தில் செங்கல்லாலும் சுண்ணத்தாலுமே அமைந்திருந்தது. மழையும் வெள்ளமும் கண்ட அந்தச் சுவர்கள் காலப்போக்கில் சிதைந்தன. அவற்றுள் பலவற்றைக் கருங்கல்லால் மீண்டும் எழுப்பி, ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கச் செய்தவர் ஓர் அரசியார். தஞ்சைப் பெருவுடையார் கோயில் எழுவதற்கு முன்பே கல் திருப்பணியைத் தம் வாழ்நாள் தவமாகக் கொண்டிருந்த செம்பியன் மாதேவியாரே அவர்.

மாமன்னன் இராசராசனின் பெயரை அறியாத தமிழர் இலர். அம்மன்னனுக்குப் பாட்டி முறையினரான இம்மாதரசியின் தொண்டோ, கோயில் சுவர்களில் கல்லெழுத்துகளாக அமைதியுடன் நிற்கிறது. அரச குடும்பத்தில் வாழ்ந்தும் அரச போகத்தை நாடாது, அறுபது ஆண்டுக் காலம் சிவத்தொண்டில் தோய்ந்திருந்த அந்த வாழ்வு, ஆலயத் திருப்பணியில் ஈடுபடுவோர் அனைவருக்கும் ஒரு வழிகாட்டி.

மழவர் குலத் திருமகள்

சோழநாட்டின் வடபகுதியில் ஆட்சி செலுத்திய குறுநில மன்னர் மரபினருள் மழவரையர் எனப்பட்டோர் சிறப்புடையவர்கள். அக்குடியில் பிறந்த இவ்வம்மையார், முதலாம் பராந்தக சோழனின் மைந்தரான கண்டராதித்தருக்கு மனைவியானார். செம்பியன் மாதேவி என்பது சோழப் பேரரசி என்று பொருள்படும் பட்டப்பெயர். பிற சோழ அரசியரும் அப்பட்டத்தைத் தாங்கியதுண்டு. மாதேவடிகள் என்னும் பெயராலும் கல்வெட்டுகள் இவரைக் குறிப்பிடுகின்றன.

பராந்தகனின் ஆட்சியில், 941-ஆம் ஆண்டளவிலேயே அம்மையாரின் அறச்செயல் கல்லில் பதிவாகிவிட்டது. சிவபெருமான் திருமுன்பு அணையாது எரிய வேண்டிய நந்தாவிளக்கு ஒன்றுக்கு அவர் அளித்த கொடை அது. நந்தாவிளக்கு அளிப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. ஆண்டு முழுவதும் இரவும் பகலும் எரிவதற்குரிய நெய்யைப் பெற ஆடுகளையோ பசுக்களையோ வழங்கி, அவற்றைப் பேணி நாள்தோறும் நெய் அளக்கும் பொறுப்பையும் உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒரு விளக்கோடு தொடங்கிய தொண்டு பல திருக்கோயில்களாக வளர்ந்ததே அம்மையாரின் வரலாறு.

கணவர் கண்டராதித்தரும் சிவனடியாரே. தில்லைச் சிற்றம்பலத்து இறைவனைப் போற்றி அவர் அருளிய திருவிசைப்பாப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. முடி சூடிய மன்னர் ஒருவரின் பாடல் திருமுறையில் சேர்வது பெறற்கரிய பேறு. அத்தகைய கணவரும் மனைவியும் வாழ்ந்த அரண்மனையில் அரசியலைவிடச் சிவசிந்தனையே மேலோங்கியிருந்ததில் வியப்பில்லை.

அரியணையும் அன்னையும்

அவர்கள் வாழ்ந்த காலமோ அமைதியான காலமன்று. 949-ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராட்டிரகூடருடன் நிகழ்ந்த பெரும்போரில், பட்டத்து இளவரசரான இராசாதித்தர் யானைமீது அமர்ந்தபடியே வீரமரணம் எய்தினார். தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டு நழுவியது. தமையனை இழந்து, நாட்டின் ஒரு பகுதியையும் இழந்த நிலையில் ஆட்சிப் பொறுப்பு கண்டராதித்தர் தோளில் வந்து சேர்ந்தது.

அவருடைய ஆட்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஏறத்தாழ 957-ஆம் ஆண்டில் அது முடிவுற்றது. கல்வெட்டுகள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்று குறிக்கின்றன. அப்போது அம்மையாரின் ஒரே மைந்தன் மதுராந்தகன் சிறுகுழந்தை. எனவே அரசுரிமை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், அவருக்குப் பின் அவர் மைந்தர் சுந்தர சோழருக்கும் சென்றது.

கணவரைப் பிரிந்த மகளிர் உடன்கட்டை ஏறும் வழக்கமும் அக்காலத்து அரச குலத்தில் இருந்தது. சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவி வானவன் மாதேவியார் அவ்வாறே உயிர் நீத்தார். செம்பியன் மாதேவியாரோ கைக்குழந்தைக்காக உயிர் தாங்கினார். தாங்கிய உயிரைச் சிவத்தொண்டுக்கு ஈந்தார்.

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டபின் அரசுரிமை குறித்த சிக்கல் எழுந்தது. மக்கள் இளவல் அருள்மொழியை விரும்பியபோதும், சிறிய தந்தை முறையினரான மதுராந்தகருக்கு நாடாளும் விருப்பம் இருக்கும் வரையில் தாம் அரியணையை நாடுவதில்லை என அருள்மொழி ஒதுங்கி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. அங்ஙனம் முடி சூடிய மதுராந்தகரே உத்தம சோழன் எனப்பட்டார். 985-ஆம் ஆண்டு வரை அவர் ஆட்சி புரிந்தார்.

மகன் மன்னனானதும் அன்னையின் கைக்குப் பொருளும் ஆணையும் கிட்டின. அவற்றைக் கொண்டு அம்மையார் தமக்கென மாளிகை எழுப்பவில்லை. பாடல் பெற்ற பழம்பதிகளை நோக்கியே அவர் உள்ளம் சென்றது.

திருநல்லத்தின் தலவரலாறு

அவ்வகையில் அம்மையார் எடுப்பித்த கற்றளிகளுள் முதன்மையாகப் போற்றத் தக்கது திருநல்லம். இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் இத்தலம் கும்பகோணத்திற்குக் கிழக்கே, வயல்கள் சூழ்ந்த சிற்றூரில் அமைந்துள்ளது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய பெருமையுடையது. இறைவன் உமாமகேசுவரர் என்னும் திருநாமத்துடன் எழுந்தருளியுள்ளார். நிலமகள் இங்கு இறைவனைப் பூசித்தமையால் இத்தலத்திற்குப் பூமீச்சரம் என்னும் பெயரும் உண்டு.

சந்திர குலத்து மன்னனான புரூரவன் தீராத் தொழுநோயால் வருந்தினான் என்றும், தலந்தோறும் சென்று வழிபட்ட அவனுக்குத் திருநல்லத்து இறைவன் அருளால் நோய் நீங்கியது என்றும், நன்றிப் பெருக்கால் விமானத்திற்குப் பொன் வேய்ந்தான் என்றும் தலபுராணம் உரைக்கும். இக்கோயிலில் உள்ள வைத்தியநாதர் சன்னதியை நோய் தீர்க்கும் சன்னதியாக அன்பர்கள் நாடி வருகின்றனர்.

இக்கோயிலின் ஆடவல்லான் திருமேனி சுமார் 8 அடி உயரமுள்ள செப்புத் திருமேனி. இத்துணைப் பெரிய நடராசர் திருவுருவைக் காண்பது அரிது. இதைப்பற்றி வழங்கும் கதை கேட்போர் உள்ளத்தை உருக்குவது. பெரிய திருவுருவம் ஒன்றை வார்க்குமாறு ஓர் அரசன் சிற்பிக்கு ஆணையிட்டான். எத்தனை முறை வார்த்தும் உருவம் குறையின்றி அமையவில்லை. அரசன் கெடு விதித்தான். உலைக்களத்தில் சிற்பி மனமுடைந்து நின்ற வேளையில், முதியவர் ஒருவரும் மூதாட்டி ஒருவரும் வந்து தாகத்திற்குத் தண்ணீர் வேண்டினர். துயரத்தில் இருந்த சிற்பி, இங்கிருப்பது உருகிய உலோகமே என்று கூறினான். அவ்விருவரும் அதையே வாங்கிப் பருகினர். பருகிய கணத்தில் முதியவர் ஆடவல்லானாகவும், மூதாட்டி சிவகாமி அம்மையாகவும் திருவுருக்கொண்டு நின்றனர். இதை நம்பாத அரசன் திருவடியில் உளியால் வெட்டச் செய்தபோது குருதி பெருகியது. அஞ்சி நடுங்கிய அவனைத் தொழுநோய் பற்றியது. இத்தலத்து வைத்தியநாதரை வழிபட்டே அவன் நலம் பெற்றான். திருமேனியில் காணும் மச்சம் போன்ற அடையாளங்களை இன்றும் அன்பர்கள் சுட்டிக்காட்டி மெய்சிலிர்ப்பர்.

மனிதக் கரத்தின் முயற்சி முடியும் இடத்தில் இறைவனின் கருணை தொடங்குகிறது என்பதே இக்கதையின் உட்பொருள். கதையில் வரும் சிற்பிக்குப் பெயர் இல்லை. ஆனால் அதே கோயிலின் கல்வெட்டு மற்றொரு கலைஞனின் பெயரை மறவாமல் காத்து வைத்திருக்கிறது.

கணவர் பெயரால் ஒரு கற்றளி

திருநல்லத்துக் கற்றளியின் தென்புறச் சுவரில் ஒரு சிற்பத் தொகுதி உள்ளது. அதில் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தில் காணப்படுகிறார். தம் மகன் உத்தம சோழனின் ஆட்சிக் காலத்தில், தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் செம்பியன் மாதேவியார் இக்கற்றளியை எடுப்பித்தார் என்பதும், இறைவனைத் தொழும் கோலத்தில் அமைந்த அவ்வுருவம் கண்டராதித்தருடையது என்பதும் அதன்கீழுள்ள கல்வெட்டால் விளங்குகின்றன.

கணவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர் எழுந்த கோயில் இது. வாளேந்திய வேந்தராகவோ அரியணையில் அமர்ந்த அரசராகவோ அவரைச் செதுக்கச் செய்யாமல், கைகூப்பும் அடியாராகவே நிலைநிறுத்தச் செய்தார் தேவியார். அரசர் முடி மண்ணோடு மறையும். அடியார் கூப்பிய கரம் கல்லில் நிலைக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அத்துடன் நிற்கவில்லை அம்மையாரின் பெருந்தன்மை. தேவியாரின் ஆணைப்படி இக்கோயிலைக் கட்டிய ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன் என்பவரின் பெயரும் இங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. அரசரணசேகரன் என்னும் பெயரும் உடைய அவருக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்ற உயரிய பட்டம் கிடைத்தது. அரண்மனை அதிகாரிகளும் பெருநிலக்கிழார்களும் பெறுகின்ற பட்டம் அது. பழங்கோயில்கள் எண்ணற்றவை எழுந்தும், அவற்றைக் கட்டியோர் பெயர் நமக்குக் கிடைப்பது மிகச் சில இடங்களிலேயே. அவ்வரிய இடங்களுள் திருநல்லமும் ஒன்று.

கட்டடக் கலையின் வளர்ச்சி

காவிரிப் படுகை வண்டல் மண் படிந்த சமவெளி. அங்கு மலையில்லை; கருங்கல்லும் கிடைப்பதில்லை. ஒரு சிற்றூர்க் கோயிலுக்கும் தொலைவிலிருந்தே கற்களைக் கொணர்தல் வேண்டும். இத்தனை இடர்ப்பாடு இருந்தும் அம்மையார் கல்லையே தேர்ந்தார்.

அவர் காலத்துக் கற்றளிகள் கட்டடக் கலை வரலாற்றில் ஒரு தனிக்கட்டமாக அறிஞர்களால் மதிக்கப்படுகின்றன. முற்காலச் சோழர் கோயில்களில் கருவறையைச் சுற்றி அமைந்த கோட்டங்கள் சிலவே. தெற்கே தென்முகக் கடவுள், வடக்கே நான்முகன் என்றவாறு அவற்றில் திருவுருவங்கள் அமைந்தன. அம்மையார் எடுப்பித்த கோயில்களில் கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபச் சுவர்களிலும் கோட்டங்கள் பெருகின. பிள்ளையார், அகத்தியர், ஆடவல்லான், இலிங்கோற்பவர், பிட்சாடனர், மாதொருபாகர், துர்க்கை எனத் திருவுருவங்கள் அணிவகுத்தன. கோயிலை வலம் வருவோர் ஒவ்வோர் அடியிலும் இறைவனின் ஒரு திருக்கோலத்தைத் தரிசிக்கும் வண்ணம் சுவர் முழுவதும் வழிபாட்டு இடமாயிற்று.

அர்த்தமண்டபத்தின் தென்புறக் கோட்டத்தில் ஆடவல்லான் கல் திருவுருவை அமைக்கும் மரபு இக்கோயில்களில்தான் வேரூன்றியது. கண்டராதித்தர் பாடிய தில்லைக் கூத்தனை, அவர் தேவியார் ஊர்தோறும் கற்சுவரில் ஆடச் செய்தார் எனலாம். செப்புத் திருமேனிக் கலையும் இவர் ஆதரவில் ஓங்கி வளர்ந்தது. மெலிந்து நீண்ட உடலமைப்பும் நளினமும் கொண்ட அக்காலச் செப்புத் திருமேனிகள் இன்றும் கலைவல்லுநரால் போற்றப்படுகின்றன.

பழைய பெயர்களைக் காத்த பெருந்தகை

அம்மையாரின் தொண்டில் தலையாயது எது என வினவினால், திருக்கோடிகாவலைச் சுட்ட வேண்டும். காவிரியின் வடகரையில் உள்ள இத்தலத்தின் பழைய கோயிலை அம்மையார் கற்றளியாகத் திருப்பணி செய்வித்தார். பல தலைமுறைகளாக அரசரும் பொதுமக்களும் அக்கோயிலுக்கு அளித்த கொடைகள் தனித்தனிப் பலகைக் கற்களில் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பல்லவர் காலத்தவையும் உண்டு.

புதுக்கோயில் எழும்போது அப்பழங்கற்களை ஒதுக்கித் தள்ளியிருந்தால் கேட்பார் எவர்? பல்லவர் ஆட்சி மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. கொடையளித்தோரும் மறைந்துவிட்டனர். புதிய சுவர் முழுவதிலும் சோழர் புகழையே பொறிக்கச் செய்ய அரசியாருக்கு உரிமை இருந்தது. ஆனால் இங்கு நிகழ்ந்ததோ வேறு. பழங்கற்களில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய கற்றளியின் சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. அவை பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் சேர்க்கப்பட்டது.

வேற்று மரபினர் ஆட்சியில் எரிந்த விளக்கும், பெயர் மறந்து போகவிருந்த எளிய அடியார் தந்த பொன்னும் இவ்வாறு சோழ அரசியின் திருப்பணியால் வாழ்வு பெற்றன. தம் பெயரை நிறுத்துவதற்காகப் பிறர் பெயரை அழிக்கலாகாது என்னும் அறத்தை அம்மையார் நடைமுறையில் காட்டினார்.

ஊர்தோறும் தொடர்ந்த தொண்டு

திருவாரூர்ப் பெருங்கோயிலினுள் அமைந்த அரநெறியும் அம்மையாரால் கற்றளியாயிற்று. எண்ணெய் கிட்டாதபோது குளத்து நீரையே வார்த்து நமிநந்தியடிகள் விளக்கெரித்த அற்புதம் நிகழ்ந்த இடம் அது. நந்தாவிளக்கோடு தொண்டைத் தொடங்கிய அம்மையாரின் உள்ளம் அவ்விடத்தை நாடியது பொருத்தமே.

விருத்தாசலம் எனப்படும் திருமுதுகுன்றத்திலும் அவர் திருப்பணி சிறந்து விளங்குகிறது. மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த வரலாற்றை அன்பர்கள் அறிவர். அந்த ஆற்றங்கரைத் தலத்தில் கருவறையோடு மண்டபமும் கோபுரமும் திருச்சுற்றாலையும் பரிவார ஆலயங்களும் அம்மையாரால் எழுந்தன. ஆடுதுறை எனப்படும் தென்குரங்காடுதுறை உள்ளிட்ட பிற தலங்களிலும் அவர் கைவண்ணம் காணலாம்.

உத்தம சோழனின் ஆட்சி முடிந்து இராசராசன் முடி சூடினான். மகனின் ஆட்சி முடிந்த பின்னும் அம்மையாரின் கை ஓயவில்லை. இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டாகிய 1001-இல் விழுப்புரத்தை அடுத்த திருவக்கரைக் கோயிலின் திருப்பணி அவர் பெயரால் பதிவாகியுள்ளது. 941-இல் ஏற்றிய விளக்கு 1001 வரை அணையவில்லை. கணவர், மகன், பேரன் முறையினர் என மாறிவந்த அரசுகள் அனைத்திலும் அத்தொண்டு ஒரே சீராக நடைபெற்றது.

அம்மையாரின் பேரனும் உத்தம சோழனின் மகனுமான மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசனின் ஆட்சியில் அரியணைக்குப் போட்டியாக நிற்கவில்லை. கோயில்களின் நடைமுறைகளைக் கண்காணிக்கும் அதிகாரியாகப் பணியாற்றினான். பாட்டியார் எழுப்பிய கோயில்களின் வழியே பேரனும் நடந்தான். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலில், தாம் அளித்தவற்றோடு தமக்கையாரும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். கொடுத்தவர் எவராயினும் பெயர் நிலைக்க வேண்டும் என்ற நெறி, திருக்கோடிகாவல் சுவரிலேயே தோன்றிவிட்டது.

சித்திரைக் கேட்டை

நாகப்பட்டினம் மாவட்டத்தில் செம்பியன் மாதேவி என்னும் ஊர் இன்றும் உள்ளது. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலும் அம்மையாரின் தொண்டே. சித்திரைத் திங்கள் கேட்டை நாண்மீன் அவர் பிறந்த நாள். அந்நாளுக்குரிய அறங்களுக்காக உத்தம சோழனின் தேவியர் கொடையளித்த செய்தி அக்கோயில் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. மருமகள்மார் ஒன்றுகூடி மாமியாரின் பிறந்தநாளைக் கோயிலில் கொண்டாடிய குடும்பப் பண்பு போற்றத்தக்கது. இராசேந்திர சோழன் காலத்தில் அவ்வூர்க் கோயிலில் அம்மையாரின் திருவுருவத்திற்கு வழிபாடும் ஏற்பாடாயிற்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில் சோழர் காலப் பெண் திருமேனி ஒன்று 1929 முதல் இருந்து வருகிறது. உமையம்மையைப் போன்ற எழிலோடு நிற்கும் அத்திருமேனியைச் செம்பியன் மாதேவியாரின் உருவம் எனக் கருதும் அறிஞர் உளர். இறைவியின் உருவம் என்பாரும் உளர். அரசியா அம்மையா எனப் பிரித்தறிய இயலாதவாறு கலைஞன் வடித்திருப்பதே அவ்வாழ்வுக்குக் கிடைத்த காணிக்கையாகலாம்.

கோயில்கள் காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு காண்பதும், பழுதுற்ற பகுதிகளைச் சீர்செய்வதும் நம் மரபு. ஆனால் திருப்பணி என்னும் பெயரால் பழங்கல்வெட்டுகள் சுண்ணாம்புப் பூச்சில் மறைந்த இடங்களும், பழந்தூண்களோடு கொடையாளர் பெயர்களும் குப்பைமேட்டில் சேர்ந்த இடங்களும் உண்டு. புதிய சலவைக்கல் பதியும்போது, முன்னோர் பெயர் தாங்கிய பழைய பலகை எங்கே சென்றது என ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது திருப்பணிச் செல்வர்களின் கடமை. சிறுகச் சிறுகச் சேர்த்த காசை உண்டியலில் இட்ட எளியோரின் பங்கும் அப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பேரரசின் செல்வமனைத்தும் கைவசம் இருந்தும், கணவரை அடியாராகவும் கட்டியவரைப் பட்டம் பெற்றவராகவும் முன்னோரை மறக்கப்படாதவராகவும் கல்லில் நிறுத்தினார் ஓர் அன்னை. திருநல்லத்தில் கைகூப்பி நிற்கும் கண்டராதித்தரின் எதிரே நின்று வணங்குவோர், உமாமகேசுவரரின் அருளோடு அவ்வன்னையின் நல்லாசியையும் பெறுவர் என்பது திண்ணம்.